அறுபதுக்குப் பின் எத்தனை ஆண்டு?

நம்முடன் ஓர் அலுவலகத்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். தஞ்சை மாவட்டத்துக்காரர், இளமையிலேயே பெங்களூருக்கு வந்து, அல்சூர்ப் பக்கம் குடியேறி, இங்கேயே மக்களைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் நம் மேசையருகே வந்து ஒரு துண்டுத் தாளை வைத்தார். எழுபதில் அறுபது போனால் பத்து என்னும் கழித்தற் கணக்கு அதில் எழுதியிருந்தது. "தம்பி, நம் நாட்டில் சராசரி ஆயுள் எழுபது என்று பத்திரிகையில் படித்தேன். எனக்கு அறுபது ஆகிறது. இனிப் பத்து ஆண்டுகள். ஓய்வூதியத்தில் விதி அனுமதிக்கும் பகுதி முழுவதையும் ரொக்கமாக மாற்றிப் பெண்ணின் வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பத்தாண்டு ஓட்டுவதற்கு மிச்சம் போதும்" என்றார்.

கழித்தலில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. அப்பிழை அவருடையது மட்டும் அன்று. கற்றோர் பலரும் செய்வது. அதற்கு நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களும் ஓரளவு பொறுப்பாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்க அறிக்கைகளில் எழுபது என்று வரும் அந்த எண்ணின் முழுப் பெயர் 'பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் வாழ்நாள்' என்பதாகும். தொடர் நீள்கிறதே என்று கருதி, முதற் சொல்லை விட்டுவிட்டுச் 'சராசரி ஆயுள்' என்று சுருக்கிவிடுகிறோம். நாமே பலமுறை அவ்வாறு செய்திருக்கிறோம். விடப்பட்டது ஒரே சொல். ஆனால் பொருள் முழுவதும் அந்தச் சொல்லிலேதான் இருக்கிறது. முதியோரின் இறப்பு விகிதம் காலப்போக்கில் எவ்வாறு மாறியது, ஒரு காலத்தோடு இன்னொரு காலத்தை ஒப்பிடும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சிற்றூரில் பத்துக் குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் நான்கு, பிறந்த சில நாட்களுக்குள் இறந்துவிட்டன. எஞ்சிய அறுவரும் எழுபது வயது வரை வாழ்ந்தனர். பத்துப் பேரின் வாழ்நாளையும் கூட்டினால் 420 ஆண்டு. பத்தால் வகுத்தால் சராசரி 42. அவ்வூரில் நாற்பத்திரண்டாம் வயதில் மாண்டவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அதே ஊரில் பிறந்த பத்துக் குழந்தைகளுள் ஒன்று மட்டுமே இறந்தது. ஒன்பது பேர் எழுபத்திரண்டு வயது வரை வாழ்ந்தனர். இப்போது சராசரி ஏறத்தாழ 65. சராசரி இருபத்து மூன்று ஆண்டு உயர்ந்துவிட்டது. ஆனால் கிழவர்கள் கூடுதலாகப் பெற்றது இரண்டே ஆண்டுகள். மற்றவையெல்லாம் தொட்டிலில் பிழைத்த குழந்தைகள் ஈட்டித் தந்தவை.

நம் நாட்டில் நிகழ்ந்ததும் பெரும்பாலும் இதுவே. 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020-இல் அவ்வெண் 28 ஆகக் குறைந்தது. 1970-75 காலத்தில் பிறக்கும்போது எதிர்பார்க்கப்பட்ட வாழ்நாள் 49.7 ஆண்டு, 2009-13 காலத்தில் 67.5 ஆண்டு. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டு உயர்வு. அதே இரு காலங்களிலும் அறுபது வயதை எட்டியவர்களுக்கு எஞ்சியிருந்த வாழ்நாள் எவ்வளவு? முன்னதில் சராசரியாகப் பதினான்கு ஆண்டு. பின்னதில் பதினெட்டு ஆண்டு. உயர்வு நான்கு ஆண்டுகளே. பதினெட்டுக்கும் நான்குக்கும் உள்ள இந்த இடைவெளியை மனத்தில் இருத்திக்கொண்டால், முதியோர் ஆயுளைப் பற்றிய பல மயக்கங்கள் தீரும்.

முதல் மயக்கம், முற்காலத்தில் முதியவர்களே இல்லை என்பது. சராசரி ஆயுள் முப்பதுகளில் இருந்த காலத்தில் முப்பத்தைந்து வயதுக்காரரே கிழவராகக் கருதப்பட்டார் என்று சிலர் பேசக் கேட்கிறோம். அவ்வாறாயின் அறுபதாம் கல்யாணமும் எண்பதில் செய்யும் சதாபிஷேகமும் நம் வழக்கத்தில் எவ்வாறு இடம்பெற்றன? எண்பதை எட்டியவர் மிகச் சிலர். ஆயினும் எட்டியவர் இருந்தனர். இதற்கு எதிரான மயக்கமும் உண்டு. 'அக்காலத்து மனிதர் கேழ்வரகு உண்டு நூறாண்டு வாழ்ந்தனர். இன்று எவர் வாழ்கிறார்?' என்பார்கள். பெங்களூரில் இவ்வாறு பேசுவோர் சர் எம். விசுவேசுவரையா அவர்களைச் சான்று காட்டுவர். அவர் பிறந்த ஆண்டை 1860 என்றும் 1861 என்றும் இருவகையாகக் குறிப்பிடுவதுண்டு. எதைக் கொண்டாலும், 1962 ஏப்ரலில் இந்நகரில் மறைந்தபோது அவர் நூறு வயதைக் கடந்திருந்தார். ஆனால் அவரோடு அதே ஆண்டில் பிறந்து, ஐந்து வயதுக்குள்ளும் ஐம்பது வயதுக்குள்ளும் மறைந்தவர்களை இன்று நினைவில் வைத்திருப்பவர் யார்? எஞ்சி நின்றவரை மட்டும் எண்ணினால் விகிதம் கிடைக்காது.

விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. மேலே இறந்தவர் தொகை. கீழே அந்த இறப்பு நேரக்கூடிய நிலையில் இருந்தவர் தொகை. ஊர் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு ஆயிரவருக்கு எத்தனை பேர் இறந்தனர் என்று காண்பது பொது இறப்பு விகிதம். இதைக் கொண்டு ஒரு காலத்தையோ இடத்தையோ இன்னொன்றோடு ஒப்பிடுவது எவ்வளவு ஏமாற்றம் தரக்கூடியது என்பதற்குப் பெங்களூரிலேயே இரண்டு பேட்டைகளைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்டவை. மல்லேசுவரம் போன்ற பழைய பேட்டை ஒன்றில் பதினாயிரம் பேர். அவர்களுள் 2,000 பேர் அறுபதைக் கடந்தவர்கள். கணிப்பொறி நிறுவனங்களைச் சுற்றி எழுந்த புதுப் பேட்டை ஒன்றிலும் பதினாயிரம் பேர்; அங்கே அறுபதைக் கடந்தவர்கள் 500 பேரே. பழைய பேட்டையில் முதியோர் ஆயிரவருக்கு 40 பேர் வீதம் 80 பேர் இறந்தனர். மற்றையோருள் ஆயிரவருக்கு இருவர் வீதம் 16 பேர். மொத்தம் 96. புதுப் பேட்டையில் முதியோர் ஆயிரவருக்கு 50 பேர் வீதம் 25 பேர். மற்றையோருள் அதே இருவர் வீதம் 19 பேர். மொத்தம் 44. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர், புதுப் பேட்டையே ஆரோக்கியமான இடம் என்று முடிவு கட்டுவார். உண்மையில் முதியவர் ஒருவர் வாழ்வதற்கு அதுவே ஆபத்து மிகுந்த இடம்.

இக்குறையை நீக்க, இரு பேட்டைகளிலும் வயது அமைப்பு ஒன்றே என்று கொள்வார்கள். இரண்டிலும் 1,000 முதியோரும் 9,000 மற்றையோரும் இருப்பதாக வைத்து, அவரவர் விகிதத்தைப் பொருத்தினால், பழைய பேட்டைக்கு 58 இறப்பும் புதுப் பேட்டைக்கு 68 இறப்பும் வரும். வேடம் கலைந்து உண்மை வெளிப்படும். இவ்வாறு வயதமைப்பைச் சமன் செய்து ஒப்பிடுவதே முறை. இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2019-இல் கேரளத்தின் பொது இறப்பு விகிதம் ஆயிரவருக்கு ஏழு என்ற அளவில் இருந்தது. பீகாரில் ஆறுக்கும் குறைவு. ஆனால் பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் வாழ்நாள் கேரளத்தில் ஏறத்தாழ 75, பீகாரில் 69. நெடுங்காலம் மக்கள் வாழும் ஜப்பான் நாட்டில் பொது இறப்பு விகிதம் 11-க்கும் மேல். முதியோர் நிறைந்த நாட்டில் இறப்புகள் மிகுதியாக இருப்பது இயல்பு. அது நோயின் அடையாளம் அன்று.

காலத்தை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அறுபதைக் கடந்தவர் அனைவரையும் ஒரே கூட்டமாகக் கொள்வதும் போதாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அக்கூட்டத்தில் பெரும்பாலோர் அறுபதுகளில் இருந்தவர்கள். இன்று எண்பதைக் கடந்தவர்களும் அதில் கணிசமாக உள்ளனர். ஆகையால் அறுபது முதல் அறுபத்து நான்கு, அறுபத்தைந்து முதல் அறுபத்தொன்பது என்று ஐந்தாண்டுப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் அதற்கு நேரான பழைய பிரிவோடு ஒப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயதினரை எண்பத்திரண்டு வயதினரோடு நிறுத்தி எடைபோடுதல் நியாயமாகாது.

அடுத்தது, எந்த ஆண்டோடு எந்த ஆண்டை ஒப்பிடுகிறோம் என்பது. பெங்களூரின் வரலாற்றில் சில ஆண்டுகள் மற்ற ஆண்டுகளைப் போன்றவை அல்ல. 1898-இல் இந்நகரில் பிளேக் நோய் புகுந்தது. 1891-இல் 1,80,000 என்ற அளவில் இருந்த மக்கள்தொகை 1901-இல் 1,59,000 என்ற அளவுக்குக் குறைந்தது. இறந்தவர் பலர், ஊரை விட்டு ஓடியவர் பலர். பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய விரிவான பேட்டைகள் அந்த நோயின் விளைவாகவே எழுந்தன. 1918-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டவர்களையே பெரிதும் வாரிக்கொண்டு போயிற்று. 2020-21-இல் வந்த கொரோனா நோயோ முதியோரையே குறிவைத்தது. இரண்டும் கொள்ளை நோய்களே. ஆனால் மொத்த இறப்பை மட்டும் பார்ப்பவர் இந்த வேறுபாட்டைக் காணமாட்டார். தனி ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு 'கூடியது', 'குறைந்தது' என்று சொல்லக்கூடாது என்பதனால்தான் ஐந்தாண்டுச் சராசரியைக் கொண்டு ஆயுள் அட்டவணை வகுக்கிறார்கள். அவ்வாறு வகுத்தும்கூட அக்கொள்ளை நோயின் வடு மறையவில்லை. 2016-20 அட்டவணையில் 70.0 ஆக இருந்த வாழ்நாள், 2017-21 அட்டவணையில் 69.8 ஆகச் சற்றுக் குறைந்தது.

பதிவேடுகளை மட்டும் கொண்டு ஒப்பிடுவதிலும் ஓர் இடர் உண்டு. நாடு முழுவதும் பதிவான இறப்புகள் 2019-இல் 76.4 லட்சம்; 2020-இல் 81.2 லட்சம்; 2021-இல் 102.2 லட்சம். இந்த ஏற்றத்தில் நோயின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள்தொகை கூடியதும், முதியோர் கூடியதும், முன்பு பதியாமல் விட்ட இறப்புகள் இப்போது பதியப்படுவதும் இதில் கலந்துள்ளன. பதிவு செம்மையாகும்போது இறப்பு பெருகியது போன்ற தோற்றம் ஏற்படும். இச்சிக்கலை அறிஞர்கள் நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950-களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசும் சேர்ந்து அன்றைய மைசூர் இராஜ்யத்தில் ஒரு மக்கள்தொகை ஆய்வு நடத்தின. பெங்களூர் நகரமும் அதில் அடங்கும். பதிவேட்டை மட்டும் நம்பாமல் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். அதன் அறிக்கை 1961-இல் வெளிவந்தது. பின்னர் 1964-65-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 1969-70 முதல் நாடு தழுவி நடைபெற்று வருவது மாதிரிப் பதிவுத் திட்டம். தேர்ந்தெடுத்த ஊர்களிலும் வட்டாரங்களிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்புகளை இடைவிடாது குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியே விசாரித்து எழுதுவார். இரண்டையும் ஒப்புநோக்கி, ஒவ்வாதவற்றை மீண்டும் நேரிற் சென்று சரிபார்ப்பார்கள். நாம் மேலே காட்டிய ஆயுள் அட்டவணை எண்கள் இத்திட்டத்திலிருந்து பிறந்தவையே.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் இங்கே தனியே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஊரிலிருக்கும் தாய் தந்தையரை வைத்தியத்துக்காகப் பெங்களூருக்கு அழைத்து வருகிறோம். சிகிச்சை பலிக்காமல் அவர்கள் இங்கே காலமானால், எங்கே இறந்தனரோ அங்கேயே பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே தருமபுரியிலோ வேலூரிலோ வாழ்ந்தவரின் மரணம் பெங்களூர்ப் பதிவேட்டில் ஏறுகிறது. மேலே எழுதும் எண்ணில் அவர் இருக்கிறார். கீழே எழுதும் மக்கள்தொகையில் அவர் இல்லை. பெரிய மருத்துவமனைகள் நிறைந்த நகரங்களின் பதிவேட்டைப் பார்த்து, 'இங்கே முதியோர் மிகுதியாக இறக்கின்றனர்' என்று கூறுவது இதனால் தவறாகலாம். இறந்தவரின் நிலையான முகவரியைப் படிவத்தில் சரியாக எழுதினால்தான் இக்குழப்பத்தைப் பின்னர் தீர்க்க முடியும்.

வயதையும் சரியாக எழுத வேண்டும். நம் முதியோர் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. 'சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலி செய்த வருஷம் நான் கைக்குழந்தை' என்பார் ஒரு பாட்டி. 1942 என்று நாம் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் தம் மனம்போல் எழுதிய தேதியே சிலருக்குப் பிறந்த தேதியாயிற்று. கேட்பவரிடம் 'அறுபது இருக்கும்', 'எழுபது இருக்கும்' என்று முழு எண்ணாகச் சொல்வது வழக்கமாதலால், கணக்கெடுப்பில் பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் மக்கள் குவிந்து கிடப்பர். வயதில் மூத்தவராகச் சொல்லிக்கொள்வதைப் பெருமையாகக் கருதுவோரும் உண்டு. எழுபத்தைந்து வயதினர் பலர் எண்பத்தைந்து என்று எழுதப்பட்டால், எண்பத்தைந்து வயதினரின் இறப்பு விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். ஆகவே மிக முதிர்ந்த வயதினரைப் பற்றிய பழங்கால எண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

இத்தனை குறைகளையும் நீக்கிப் பார்த்த பின்பும், முதியோர் இறப்பு விகிதம் குறைந்துள்ளது என்பது உறுதி. அறுபதுக்குப் பின் நான்கு ஆண்டு கூடியதற்குக் காரணங்கள் பல. க்ஷய நோய் முன்பு நடுவயதினரையும் முதியோரையும் மெல்ல மெல்லக் கொன்றது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்ததற்கு ஈடான பலன் கிட்டும் என்று 1959-இல் மெய்ப்பித்தது. அதே 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய க்ஷயநோய் நிலையம், 1962-இல் தொடங்கிய நாடளாவிய திட்டத்துக்கு வழி வகுத்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும், நல்ல குடிநீரும் தத்தம் பங்கைச் செய்தன. ஆனால் குழந்தைகளைக் காத்த வேகத்தில் முதியோரைக் காக்க இயலவில்லை. இருதய நோயும் நீரிழிவும் தடுப்பூசியால் தீர்வன அல்ல. அவை நாள்தோறும் மருந்தும் கவனமும் வேண்டுபவை.

இனி நம் நண்பரின் துண்டுத் தாளுக்குத் திரும்புவோம். 'சார், நீங்கள் அறுபது வரை பிழைத்துவிட்டீர்கள். குழந்தைப் பருவத்து அபாயங்களை எல்லாம் தாண்டியவர். எழுபது என்பது இன்று பிறக்கும் குழந்தைக்குரிய கணக்கு. உங்களுக்கு உரியது அன்று' என்று சொல்லி, அட்டவணையைக் காட்டினோம். 2009-13 அட்டவணைப்படி, அறுபது வயது ஆணுக்கு எஞ்சிய வாழ்நாள் சராசரியாக 16.9 ஆண்டு; பெண்ணுக்கு 19.0 ஆண்டு. எழுபதை எட்டியவருக்கும் கணக்கு முடிந்துவிடவில்லை. ஆணுக்கு மேலும் 10.9 ஆண்டு, பெண்ணுக்கு 12.3 ஆண்டு. சராசரி என்பதால், இதற்கு முன்பே மறைபவரும் உண்டு; இதைக் கடந்து எண்பத்தைந்து, தொண்ணூறு என்று வாழ்பவரும் உண்டு.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டில் என்னைவிட ஐந்து வயது சிறியவள்" என்றார். தோராயமாகக் கணக்கிட்டோம். அவர் எழுபத்தேழு வரை, அம்மையார் எழுபத்தொன்பது வரை என்று கொண்டால், ஐந்து வயது வேறுபாட்டையும் சேர்த்து, அம்மையார் ஏறத்தாழ ஏழு ஆண்டு தனித்து வாழ வேண்டியிருக்கும். பத்தாண்டுக் கணக்கில் அந்த ஏழு ஆண்டுக்கு இடமே இல்லை. மத்திய அரசு ஊழியர் ஓய்வூதியத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பங்கு பதினைந்து ஆண்டுக்குப் பின்னரே மீளும். 2004 ஜனவரிக்கு முன் பணியில் சேர்ந்தோர்க்குரிய விதி இது. பின்னர்ச் சேர்ந்தோர்க்கு விதிகள் வேறு. 'பதினைந்து ஆண்டு யார் இருக்கப் போகிறார்கள்' என்று எண்ணியவர், சராசரி மனிதர் அந்த நாளைக் கண்டு அதற்கு அப்பாலும் வாழ்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தார்.

எவ்வளவு மாற்றிக்கொள்வது என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. அதில் நாம் தலையிடவில்லை. அவர் பாதியளவே மாற்றிக்கொண்டதாகவும், குடும்ப ஓய்வூதியத்துக்குரிய தாள்களில் அம்மையாரின் பிறந்த தேதியைச் சரிபார்த்துத் திருத்தி வைத்ததாகவும் பின்னர் அறிந்தோம். நாமும் ஒன்று செய்தோம். அடுத்து நம் மேசைக்கு வந்த அறிக்கையில் அந்த எண் வந்தபோது, தொடர் நீண்டாலும் நீளட்டும் என்று, 'பிறக்கும்போது' என்னும் சொல்லை விடாமல் எழுதினோம்.